அக்காவின் வலது கால்

அக்கா தன் வாழ்நாளில் கார் ஓட்டியதில்லை. நிறுத்தி மட்டும்தான் பழக்கம்.

மட்டக்களப்பு நாவற்குடாவில் அவருடைய புருசன் வைத்திருந்த கராஜுக்குப் பிறேக் வேலைக்கென்று எது வந்தாலும், காரோ லொறியோ, சாரதி ஆசனத்தில் ஏறி இருப்பவர் அக்காதான். வெறுங்கால். சேலையை ஒரு கையால் வாரிப் பிடித்துக்கொண்டு வலது காலைப் பெடலில் வைப்பார். அகலமான கால். விரல்கள் ஒன்றோடொன்று கோபித்துக்கொண்டவை மாதிரித் தனித்தனியாக விரிந்து நிற்கும். மிதித்து மிதித்து வலது கெண்டைக்கால் இடதைவிடப் பருத்துவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். நான் அளந்து பார்க்கவில்லை. அளக்கப் போனவன் முழுதாகத் திரும்பியிருக்கமாட்டான்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. யாராவது இதை அவருக்கு வாசித்துக் காட்டினால், நான் எந்த ஊரில் இருந்தாலும் தேடி வந்து பிடிப்பார். பிடித்தால் விடமாட்டார். அவரைப் பற்றிச் சொல்வதற்கு இருப்பதெல்லாம் அதுதான்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது யாரும் அழைத்து அல்ல. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, உப்பளம், தும்பு ஆலை, திருகோணமலைத் துறைமுகம் என்று ஓடித்திரிந்து, கடைசியில் ஒரு நெல் லொறியில் கிளீனராக இருந்தேன். லொறி நாவற்குடாவில் அச்சு முறிந்து நின்றது. ஆள் அனுப்புகிறேன் என்று போன லொறிக்காரர் போனவர்தான். லொறியும் நானும் கராஜில் கிடந்தோம். சில மாதம் கழித்து லொறியை யாரோ கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போனார்கள். என்னை இழுக்க ஆள் வரவில்லை. கழற்றிப் போட்ட பஸ் ஆசனம் ஒன்றில் படுக்கை. சாப்பாட்டுக்கு மரவள்ளிக்கிழங்கும் சம்பலும். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத எழுபதுகள் அது, அரிசிக்கும் தட்டுப்பாடு. நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டே கிழங்கு தின்றோம். காலில் புண் வந்தது, ஆறியது, மற்றக் காலில் வந்தது. இருபத்தேழு வயது. போக வேறு இடமும் இல்லை, போக வேண்டும் என்ற அவசரமும் இல்லை.

கராஜ்காரரை எல்லோரும் பாஸ் என்பார்கள். கைவேலை தெரிந்த எவரையும் அங்கே அப்படித்தான் சொல்வது. சின்ன உடம்பு, பெரிய குரல். கராஜில் எனக்கு என்ன வேலை என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. ஸ்பானர் எடுத்துக் கொடுத்தால் பிடுங்கி வைத்துவிட்டுத் தானே வேறொன்றை எடுப்பார். மூன்றாம் நாள்தான் வேலை விளங்கியது.

"தம்பி, கொக்காட்டச் சொல்லு, தேத்தண்ணி போடச் சொல்லி."

நான் அவரை அக்கா என்று கூப்பிட்டதால் பாஸுக்கு அவர் 'கொக்கா', உன் அக்கா. அக்காவுக்கு அவர் 'கொத்தான்', உன் அத்தான். நான் 'மனே', மகனே. குசினி வாசலுக்கும் கராஜுக்கும் நடுவே ஒரு முருங்கைமரத்தின் தூரம். பாஸ் சொன்னது அக்காவுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும். ஆனாலும் நான் நடந்து போய்ச் சொல்ல வேண்டும்.

"சீனி இல்ல எண்டு கொத்தானிட்டச் சொல்லு மனே. பனங்கட்டி கடிப்பாராமோ எண்டும் கேளு."

நடந்து வந்து சொன்னேன்.

"கொக்காவைக் கடிக்கிறதைவிடப் பனங்கட்டியைக் கடிக்கலாம் எண்டு சொல்லு."

இதை நான் சொல்லவில்லை. ஆனால் குசினிக்குள் ஒரு சட்டி பலமாக வைக்கப்பட்டது. கேட்டுவிட்டது.

இருவரும் நேரடியாகப் பேசி ஏழெட்டு வருடம். நான் வருவதற்கு முன் இந்தத் தபால் வேலையை அந்த வீட்டு நாய் செய்திருக்கிறது. "நாயே, சோறு ஆறுது எண்டு சொல்லு" என்று அக்கா சொல்வாராம். நாய் செத்துப் போனது. நான் வந்தேன்.

காரணம் ஒரு கியர்பெட்டி. அக்காவின் ஒரே தம்பிக்குப் புளியந்தீவில் கலியாணம். பொம்பிளை, மாப்பிள்ளை கார் ஓட்ட வேண்டியவர் பாஸ். அன்று காலையில் யாரோ ஒருவருடைய கியர்பெட்டியைத் திறந்து நிலத்தில் பரப்பிவிட்டார். கலியாணத்துக்குப் போகவேயில்லை. மாப்பிள்ளை மாட்டுவண்டியில் போனார். பின்னேரம் சேலை நிறையப் புழுதியோடு வந்து அக்கா கேட்டபோது பாஸ் தலையை நிமிர்த்தாமல் சொன்னாராம்: "நான் இல்லாட்டியும் கலியாணம் நடக்கும். கியர்பெட்டி நடக்காது."

"என்ட பிழை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க" என்றாராம் அக்கா.

"என்ன பிழை?" என்றாராம் பாஸ்.

அதோடு சரி. பாஸ் அதைச் சொல்லும்வரை அக்கா பேசுவதில்லை. அக்கா பேசும்வரை பாஸ் மட்டும் பேசுவாரா? அவருக்கும் ரோசம் இருந்தது. அக்கா சமைத்துப் போட்டார், துணி தோய்த்தார், பாஸுக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் இருந்து நெற்றியில் துணி போட்டார். வாய் மட்டும் திறக்கவில்லை.

ஆனால் பிறேக் வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அதில்தான் சிக்கல்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய காரில் பிறேக் ஒயிலை மாற்றினால் குழாய்களுக்குள் காற்றுப் போய்விடும். காற்று நசியும், ஒயில் நசியாது. காற்று இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமிழும், கார் நிற்காது. ஆகவே ஒருவர் மேலே இருந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் கீழே கிடந்து சில்லுக்கு, அதாவது சக்கரத்துக்கு, பின்னால் இருக்கும் சின்ன நிப்பிளில் ஒரு குழாயைச் செருகி அதைத் திருகித் திறக்க வேண்டும். குழாயின் மறுமுனை போத்தலுக்குள், ஒயிலில் மூழ்கி இருக்கும். குமிழ் குமிழாகக் காற்று வெளியே வரும். நிப்பிளைத் திரும்ப மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். அதற்கு முன் எடுத்தால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்து குந்திக்கொள்ளும். தூரத்துச் சில்லில் தொடங்கி, ஒவ்வொரு சில்லாக, குமிழ் நிற்கும்வரை.

இதற்கு மூன்று சொல் போதும். "மிதி." "பிடி." "விடு." ஏழெட்டு வருடத்தில் பாஸ் அக்காவிடம் நேரே சொன்னது இந்த மூன்றும்தான். பிடித்துவிட்டேன் என்று அக்கா பதில் சொல்ல வேண்டும் அல்லவா? அவர் ஹோர்ன் அடிப்பார். ஒருமுறை. பாம். பற்றரி இல்லாத கார் என்றால் கதவில் முட்டியால் தட்டுவார். நாவற்குடாவில் விடிய விடிய பாம், பாம் என்று கேட்டால், பாஸும் பெண்சாதியும் கதைக்கிறார்கள் என்று ஊர் சிரிக்கும்.

அந்த வேலையில் அக்காவை மிஞ்ச ஆள் இல்லை. நான் ஒருநாள் பெடலில் இருந்து பார்த்தேன். 'விடு' என்று நினைத்து அரைக் கணம் முந்தி எடுத்துவிட்டேன். பாஸ் கீழே கிடந்து என் பரம்பரையைப் பற்றிச் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. அக்காவின் கால் அப்படி இல்லை. சொன்னால்தான் எடுப்பார். சொல்லாவிட்டால் எடுக்கமாட்டார்.

ஒருதரம் பாஸ் 'பிடி' என்று சொல்லிவிட்டு நிப்பிளைத் திறக்க முன், காத்தான்குடியில் இருந்து தெரிந்த வியாபாரி ஒருவர் வந்து படலையில் கூப்பிட்டார். பாஸ் எழும்பிப் போனார். இரண்டு பேரும் கதைத்தார்கள், கடைக்குப் போனார்கள், தேத்தண்ணி குடித்தார்கள். அக்கா பெடலை மிதித்தபடி இருந்தார். குசினியில் இருந்து கருகல் மணம் வந்தது.

"அக்கா, கிழங்கு அடிப்பிடிக்குது. காலை எடுங்க" என்றேன்.

"ஆர் சொன்னது?"

"நான்தான் சொல்லுறன்."

"நீ சொல்லி நான் மிதிக்கல்ல மனே."

வியர்வை ஓடியது. தொடை நடுங்கத் தொடங்கியது. இடது கையால் வலது முழங்காலைப் பிடித்து அழுத்திக்கொண்டார். பாஸ் வெற்றிலையைச் சப்பியபடி திரும்பி வந்து, அக்காவின் முகத்தைப் பார்த்து, சப்பலை நிறுத்தினார். "விடு" என்றார், மிகவும் மெதுவாக. அக்கா காலை எடுத்து, இறங்கி, நொண்டிக்கொண்டு போய்க் கருகிய கிழங்கை அப்படியே அவருக்குப் பரிமாறினார். அவரும் கடைசித் துண்டுவரை தின்றார். வேறு வழியில்லை.

கராஜுக்கு வெளியிலும் அந்தக் கால் அப்படித்தான். கூப்பன் கடையில் சீனி வந்த நாள், வரிசை பாதி இருக்கும்போது கதவைச் சாத்தப் பார்த்தார்கள். அக்கா முன்னால் போனார். வலது காலைக் கதவு இடுக்கில் வைத்தார். உள்ளே இருந்தவர் தள்ளினார், திட்டினார், மேலிடத்துக்கு அறிவிப்பேன் என்றார். அக்கா எங்கோ பராக்குப் பார்த்தபடி நின்றார். கடைசியில் வரிசை முழுவதற்கும் சீனி கிடைத்தது. அன்றுதான் எங்கள் தேத்தண்ணியில் இனிப்பு இருந்தது.

உலகத்தில் எது பிழைத்தாலும் அவருக்கு ஒரே விளக்கம்தான்: "அவசரப்பட்டாங்க, காத்துப் பூந்திட்டு." காற்றுப் புகுந்துவிட்டதாம். இடியப்பம் களியானால் காத்துப் பூந்திட்டு. பக்கத்து வீட்டுப் பெண் கல்லடிப் பையனோடு ஓடிப்போனபோது, தாய் வந்து அழுதாள். "என்னகா செய்ய, கெதியா விட்டுட்டீங்க. காத்துப் பூந்திட்டு" என்றார் அக்கா. தேர்தலில் நின்ற ஒருவர் கராஜுக்கு வாக்குக் கேட்டு வந்து அரை மணித்தியாலம் பேசிவிட்டுப் போன பிறகு, குசினியில் இருந்து ஒரு வரிதான் வந்தது: "முழுக்கக் காத்து. நிப்பிள் எங்கயெண்டுதான் தெரியல்ல."

இனிச் சுவாமியின் கார்.

எங்கள் தேவாலயத்துப் பாதிரியார், பங்குச் சுவாமியிடம் ஒரு பழைய இங்கிலீசுக் கார் இருந்தது. ஆமை முதுகு, சாம்பல் நிறம். அதற்குப் பிறேக் பிடிப்பதில்லை. மட்டக்களப்பில் அது ஒரு குறையல்ல. மேடு பள்ளம் என்று ஒன்று இருந்தால்தானே? ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் தோசைக்கல் மாதிரி நிலம். காலை எடுத்தால் கார் தானாகவே களைத்து நின்றுவிடும். சுவாமிக்கு ஓட்டத் தெரியாது. பூசைக்கு உதவி செய்யும் ஒருவர் ஓட்டுவார், அவர் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது மட்டும் செபம் சொல்வார்.

ஆனால் சுவாமி இப்போது மலைநாட்டில் இருக்கும் பண்டாரவளைக்குத் தியானத்துக்குப் போக வேண்டும். இரண்டு சிஸ்டர்மாரும் கூட வருகிறார்கள். செபம் சொல்பவர் பசறைக்கு அங்கால் மலையில் தன்னால் ஓட்ட முடியாது என்று கையை விரித்துவிட்டார். பாஸ், "நான் ஓட்டுறன் சுவாமி. பிறேக்கையும் செய்து தாறன்" என்றார். சொன்ன வாய் பெரிய வாய்.

சில்லுகளைக் கழற்றி, இறப்பர்களைத் துடைத்து, துருவைச் சுரண்டி எல்லாம் செய்தாயிற்று. பழைய ஒயில் கடுங்கோப்பி மாதிரிக் கறுத்திருந்தது, கொட்டியாயிற்று. புது ஒயில் இல்லை. கடைகளில் இல்லை, கொழும்பு லொறிக்காரரிடம் இல்லை. பாஸ் முன்பெல்லாம் ஆமணக்கெண்ணெயில் ஸ்பிரிட் கலந்து சமாளித்திருக்கிறார். அந்த வருடம் ஆமணக்கெண்ணெயும் இல்லை. சுவாமி மறுநாள் காலை புறப்பட வேண்டும்.

அன்று பின்னேரம் பாஸ் ஒரு போத்தலோடு வந்தார். "ஒயில் கிடைச்சிட்டு. கொக்காவைக் கூப்பிடு."

அக்கா ஏறினார். மிதி. பிடி. பாம். விடு. பின் சில்லு முடிந்து முன் சில்லுக்கு வந்தபோது அக்கா மூக்கைச் சுளித்தார். சன்னலால் தலையை நீட்டினார்.

"மனே, இஞ்ச வா. கொத்தானிட்டக் கேளு, என்னத்தை ஊத்தியிருக்கார் எண்டு."

கேட்டேன். பாஸ் கேட்காதது மாதிரிக் கிடந்தார். நானே போத்தலை மணந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய். அக்காவின் குசினிப் போத்தல்தான்.

வேலை முடிந்ததும் பெடல் கல்லு மாதிரி நின்றது. பாஸ் காரை வெளியே எடுத்து, கல்லடிவரை ஓடி, பாலத்தடியில் மிதித்துப் பார்த்துவிட்டு வந்தார். "குத்தி நிக்குது! எண்ணெய் எண்டால் எண்ணெய்தான். கொழும்பில போத்தலில அடைச்சா அதுக்கு ஒரு பேர்" என்றார்.

அக்கா என்னைக் கூப்பிட்டார். முகம் சரியில்லை. கலியாணத்துக்கு முன் அவர் பண்டாரவளையில் ஒரு கன்னியர் மடத்தில் ஆறு மாதம் சமையலுக்கு நின்றவர்.

"கொத்தானிட்டச் சொல்லு. நான் தலைக்கு வைக்கக் கொண்டு போன தேங்காயெண்ணெய் அங்க குளிருக்குக் கல்லாப் போச்சு. ஈர்க்குக் குச்சியால கிண்டித்தான் எடுத்த. போத்தலைக் கவிட்டா விழாது. அது பிறேக் குழாய்க்குள்ள கல்லானா ஆர் கிண்டுறது?"

சொன்னேன். பாஸ் சிரித்தார்.

"கொக்காவுக்குச் சொல்லு, பிறேக் தலைமயிர் இல்ல. மிதிக்க மிதிக்கச் சூடாகும். சூட்டுக்குள்ள எண்ணெய் எப்பிடி உறையும்?"

திரும்பிப் போய்ச் சொன்னேன்.

"ஏறிப் போக்குள்ள சூடா இருக்கும். ராவு முழுக்க மலையில நிண்ட கார் விடிய இறங்கக்குள்ள சூடா இருக்குமோ எண்டு கேளு."

கேட்டேன். பாஸ் துடைத்த ஸ்பானரையே திரும்பத் துடைத்தார். அந்தக் கேள்வி உள்ளே போய்விட்டது என்று தெரிந்தது. ஆனால் அது வந்த திசைதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "சமையலைப் பாக்கச் சொல்லு" என்றார்.

அன்று அக்கா முருங்கைமரத்தடிவரை வந்து வந்து திரும்பினார். நேரே நின்று இரண்டு வார்த்தை சொன்னால் ஒருவேளை பாஸ் கேட்டிருப்பார். அந்த இரண்டு வார்த்தைக்கு ஏழெட்டு வருட ரோசம் விலை. சொல்லாவிட்டால் மூன்று வேதக்காரரும் ஒரு புருசனும் பசறைப் பள்ளத்தில். வாயைத் திறந்து மூடினார். குசினிக்குள் போய்விட்டார்.

விடிய சுவாமி வந்தார். சிஸ்டர்மார் இருவரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள், மடத்துக்குக் கொண்டு போகும் கருவாட்டுப் பொட்டலங்கள் மடியில். பாஸ் குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை வாரி வந்தார். சாரதி ஆசனத்தில் அக்கா இருந்தார். வலது கால் பெடலில்.

"விடு" என்றார் பாஸ்.

பாம்.

"தம்பி, கொக்காட்டச் சொல்லு, சுவாமிக்கு நேரமாகுது."

"அக்கா, சுவாமிக்கு..."

பாம்.

சுவாமி குனிந்து சன்னலால் பார்த்தார். "என்ன பிள்ளை, என்ன பிரச்சினை?"

சுவாமியோடு அக்காவுக்குக் கோபம் இல்லை. எண்ணெய்க் கதையைச் சொன்னார். சுவாமியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. ஆனால் பின்னால் சிஸ்டர்மார் இருக்கிறார்கள். "ஆண்டவர் காப்பார் பிள்ளை" என்றார்.

"காப்பார் சுவாமி. அவருக்குப் பிறேக் மிதிக்க ஏலா. அதுக்கு ஒரு கால் வேணும்."

ஒரு சிஸ்டர் மற்றவரைப் பார்த்தார். மற்றவர் கருவாட்டோடு மெல்ல இறங்கினார். முதலாமவரும் இறங்கினார். சுவாமி, தான் ஏறவே இல்லை என்பதை நினைத்து நிம்மதியானவர் போலத் தெரிந்தார்.

பாஸுக்குக் கண் சிவந்தது. படலையில் பாதி நாவற்குடா கூடிவிட்டது. "விடமாட்டாவோ? நான் விடுவிக்கிறன் பாருங்க" என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சேட்டோடு பின் சில்லடியில் படுத்தார். நிப்பிளைத் திறந்தால் பெடல் தானாக அமிழ்ந்து போகும், பிறேக் கழன்றுவிடும், பெண்சாதி எதைப் பிடித்துக்கொண்டு இருப்பா என்பது அவருடைய கணக்கு. கோபத்தில் குழாயும் போடவில்லை, போத்தலும் வைக்கவில்லை.

திறந்தார். அக்காவின் காலுக்கடியில் பெடல் இறங்கியது. அக்கா அதை அறிந்த உடனே காலை எடுத்தார். வாழ்நாளில் முதன்முறையாக, யாரும் சொல்லாமல். எடுத்து, திரும்ப மிதித்தார். எடுத்து, மிதித்தார். மாவிடிக்கிற மாதிரி. ஒவ்வொரு மிதிக்கும் தேங்காயெண்ணெய் சீறிக்கொண்டு வந்து பாஸின் கழுத்தில், வாயில், சேட்டில் அடித்தது. அவர் புரண்டு வெளியே வருவதற்குள் ஒயில் ஊற்றும் தாங்கி காலி. வழுக்கிக்கொண்டு எழும்பினார். மீசையால் எண்ணெய் வடிந்தது.

அக்கா இறங்கி, கிணற்றடியில் காலைக் கழுவி, கிழங்கு உரிக்கப் போனார்.

சனம் சிரித்தது. பாஸ் சிரிக்கவில்லை. சில்லடியில் கிடந்த தகரத்தில் தேங்கிய எண்ணெயை ஒரு சின்னப் போத்தலில் வார்த்து, தக்கையால் அடைத்து, சுவாமியிடம் நீட்டினார்.

"சுவாமி, நீங்க பஸ்ஸில போங்க. இதைக் கொண்டு போங்க. அங்க இது உறைஞ்சா, அந்தக் கலியாணத்துக்கு நான் வராதது என்ட பிழைதான் எண்டு எல்லார்ர முன்னுக்கும் சொல்லுறன். உறையாட்டி அவ என்னோட பேசோணும். முதல் சொல் 'மன்னிச்சுக்கொள்ளுங்க' எண்டு வரோணும்."

"பந்தயம் பிடிக்கிறது எனக்குச் சரியில்லையே" என்றார் சுவாமி.

"பந்தயம் இல்ல சுவாமி. பரீட்சை."

குசினியில் இருந்து குரல் வந்தது: "சரியெண்டு கொத்தானிட்டச் சொல்லு மனே."

அதற்குப் பிறகான நாட்களில் கராஜில் ஒரு வேலையும் நடக்கவில்லை. மாரி தொடங்கியிருந்தது. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்திலும் தேங்காயெண்ணெய் விடியற்காலையில் ஒள்ளுப்பம், அதாவது கொஞ்சம், கலங்கும். கல்லாகாது, வெயில் வந்ததும் தெளிந்துவிடும். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஒருநாள் விடிய நான் பஸ் ஆசனத்தில் படுத்திருந்தபடி பார்க்கிறேன், பாஸ் குசினிப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் நிற்கிறார். அடியில் வெள்ளையாகக் கட்டி கட்டியாக இருந்தது. குலுக்கினார். உற்றுப் பார்த்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் போத்தலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குளிர் காய்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றார். கட்டி கரைந்ததும் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்தார். குசினிக் கதவு இடுக்கில் அக்காவின் ஒரு கண் தெரிந்தது.

சுவாமி திரும்பி வந்த அன்று தன் வீட்டுக்குப் போகாமல் நேரே கராஜுக்கு வந்தார். அவருக்கும் ஆவலை அடக்க முடியவில்லை போலும். பையில் இருந்து போத்தலை எடுத்தார். எண்ணெய் தெளிந்த நீர் மாதிரி ஆடியது.

"எங்க உறைஞ்சிருக்கு?" என்றார் பாஸ்.

"இஞ்ச வந்து உருகிட்டு. அங்க முதல் ராவே உறைஞ்சு போச்சு. குளிருக்கு என்ட குதிகால் வெடிச்சது. ஒள்ளுப்பம் பூசுவம் எண்டு விடியப் போத்தலைக் கவிட்டன். விழவேயில்லை. கரண்டிக் காம்பால தோண்டினன்."

"முழுக்கவோ, பாதியோ?"

"முழுக்க."

"அடியில ஒள்ளுப்பம் தண்ணியா..."

"ஒரு சொட்டும் இல்ல மகனே. மெழுகுதிரி மாதிரி."

பாஸ் போத்தலைக் கையில் வாங்கி, கவிழ்த்து, நிமிர்த்தினார். அக்கா குசினி வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

"தம்பி" என்றார் பாஸ் என்னைப் பார்த்து. "கொக்காட்டச் சொல்லு, அண்டைக்கு என்ட..."

அக்கா என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். வர வேண்டாம் என்று. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அக்கா நிலையை விட்டு அசையவில்லை. அவர் எவ்வளவு நேரமும் நிற்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாஸுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

பாஸ் நிலத்தைப் பார்த்தார். பிறகு முருங்கைமரத்தைத் தாண்டி நடந்து போய், குசினி வாசலில் நின்றார்.

"என்ட பிழைதான்."

"எதில?" என்றார் அக்கா.

ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு அக்காவிடமிருந்து பாஸுக்கு நேரே வந்த முதல் சொல்.

"உன்ட தம்பிட கலியாணத்தில."

"என்ன பிழை?"

"வராதது."

"வராதது மட்டுமோ?"

"கியர்பெட்டிக் கதை சொன்னதும்."

"ம்" என்றார் அக்கா. "சேட்டைக் கழட்டித் தாங்க. அந்த எண்ணெய் இன்னும் போகல்ல."

பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர்கள் தங்கள் பாவங்களை இப்படி ஒழுங்காகச் சொன்னால் தனக்கு வேலை பாதியாகும் என்று சுவாமி என் காதில் சொன்னார். அவருடைய கார், கொழும்பில் இருந்து யாரோ ஒரு தகர ரின் பிறேக் ஒயில் கொண்டுவரும்வரை எங்கள் முற்றத்தில் கோழி படுக்கும் இடமாக நின்றது.

அக்கா பேசத் தொடங்கினார். கலியாணம் முடிந்த அன்று பின்னேரம் விட்ட இடத்தில் இருந்து தொடங்கினார். மாட்டுவண்டியின் எந்தச் சில்லு ஆடியது, சம்பந்தி வீட்டார் என்ன சொன்னார்கள், அந்த வருடம் வந்த வெள்ளத்தில் எந்தச் சுவர் இடிந்தது, அப்போது தான் அவரிடம் சொல்ல நினைத்தது என்ன, நாய் எந்தச் செய்தியைச் சரியாகச் சொல்லவில்லை. ஒன்றும் விடவில்லை. வரிசையாக வந்தது. காலையில் தேத்தண்ணியோடு தொடங்கும், பாஸ் லொறிக்கடியில் படுத்தாலும் பக்கத்தில் பலகை போட்டு இருந்துகொண்டு தொடரும். மத்தியானச் சாப்பாட்டில் சாவு வீடுகள் வரும். பின்னேரம் பாஸின் தாயுடைய கதை வரும். மிதி, பிடி, விடு மூன்றும் அந்த வெள்ளத்தில் அடிபட்டுப் போய், இரண்டுதரம் பிறேக்கில் காற்றுப் புகுந்தது. எனக்கு நடக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. கால் புண்ணும் ஆறியது.

ஒரு கிழமை கழித்து, அக்கா சோறு வடிக்கப் போயிருந்த நேரம், லொறிக்கடியில் இருந்து ஒரு கை வந்து என் சாரத்தைப் பிடித்து இழுத்தது. குனிந்தேன். பாஸின் முகம் களைத்துக் கறுத்திருந்தது.

"தம்பி" என்றார், மூச்சுக்கும் கேட்காத குரலில். "அவவைத் திரும்பக் கோபப்படுத்த ஏதும் வழி இருக்கா? கனக்க வேணாம். ஒரு ரெண்டு நாளைக்குப் போதும்."

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே குசினியில் இருந்து பதில் வந்தது.

"அவனிட்ட ஏன் கேக்கிறீங்க? என்னட்டக் கேளுங்க, சொல்லுறன்."

பாஸ் லொறிக்கடியில் இருந்து ஊர்ந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மெய்யாகவே கேட்கப் போனார்.